நோயை முன்கூட்டியே காட்டும் சோதனை

தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளுக்குச் செல்வோர் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பர். வீட்டின் பின்புறத்தில் நாலைந்து மிளகாய்ச் செடிகள், இரண்டு பப்பாளி, ஒரு முருங்கை, வேலியோரத்தில் ஒரு வரிசை மரவள்ளி. விடியற்காலையில் பால்மரம் சீவச் சென்று, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் குடும்பத்தினர், மாலை வேளையில் தங்கள் கைப்பட வளர்க்கும் சிறு தோட்டங்கள் இவை. இவை சமையல் செலவைக் குறைக்கின்றன. மிஞ்சியது சந்தைக்கும் போகிறது. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், அரிசி கிடைக்காமல் தவித்த மக்களின் பசியைத் தணித்தது மரவள்ளிக் கிழங்கே என்பதை முதியோர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கின்றனர். ஆகவே, கொல்லையில் நிற்கும் ஒரு செடியின் நோயும் அக்குடும்பத்தின் கவலையே ஆகும்.

சில மாதங்களுக்கு முன்னர் நாம் ஒரு தோட்டத்துக்குச் சென்றிருந்தபோது, மூத்த தொழிலாளர் ஒருவர் நம்மைத் தம் வீட்டின் பின்புறத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே பன்னிரண்டு மிளகாய்ச் செடிகள் நின்றன. அவற்றுள் சிலவற்றின் கொழுந்து இலைகள் சுருண்டு, மஞ்சள் நிறம் கண்டு, படகு போல் மடங்கியிருந்தன. "உரம் போட்டேன், மருந்து அடித்தேன், சாம்பலும் தூவிப் பார்த்தேன். இலை சுருண்டதுதான் மிச்சம். இதற்கு என்ன குறை, ஐயா?" என்று அவர் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நம்மால் உடனே பதில் கூற இயலவில்லை. விவசாய இலாகா அதிகாரி ஒருவரை அழைத்து வந்து காட்டினோம். அவரும் பார்த்த மாத்திரத்தில் பதில் கூறிவிடவில்லை. இலை சுருளுவதற்குக் காரணங்கள் பல உண்டு என்பதே அவர் முதலில் கூறியது. அவர் அன்று விளக்கியவற்றையும், பின்னர் நாம் படித்தறிந்தவற்றையும் தோட்டப்புற அன்பர்களுக்காக இங்கே எடுத்துரைக்கிறோம்.

இலை சொல்வதும் சொல்லாததும்

மிளகாய் இலை சுருண்டால் அதற்குக் கண்ணுக்கெட்டாத சிறு சிலந்திப் பூச்சிகள் காரணமாக இருக்கலாம். இலைப்பேன்கள் சாற்றை உறிஞ்சியதால் சுருண்டிருக்கலாம். அக்கம் பக்கத்தில் அடித்த களைக்கொல்லி மருந்து காற்றில் பறந்து வந்து பட்டிருக்கலாம். மண்ணில் ஏதேனும் ஒரு சத்துக் குறைந்திருக்கலாம். இவை எதுவுமின்றி, வைரஸ் என்னும் நச்சுக்கிருமி செடிக்குள் புகுந்திருக்கவும் கூடும்.

காரணத்துக்கு ஏற்பப் பரிகாரமும் மாறுபடும். பூச்சியாயின் மருந்தால் அடங்கும். சத்துக் குறைவாயின் உரத்தால் தீரும். களைக்கொல்லியாயின் சில வாரங்களில் செடி தானே தேறவும் கூடும். ஆனால் வைரஸ் புகுந்த செடிக்கோ மருந்து கிடையாது. எத்தனை உரம் போட்டாலும், எத்தனை மருந்து அடித்தாலும், அச்செடியிலிருந்து அந்தக் கிருமியை வெளியேற்ற இயலாது. அதைவிடப் பெரிய தொல்லை, அச்செடி நின்றிருக்கும் ஒவ்வொரு நாளும் அண்டைச் செடிகளுக்கு நோயைப் பரப்பும் ஊற்றாக நிற்கிறது.

ஆகவே, "இது வைரஸா, அல்லவா?" என்னும் கேள்விக்கு விரைவாகவும் சரியாகவும் விடை காண்பதே பயிர்ப் பாதுகாப்பின் முதற்படியாகும். இந்த விடையை இலையின் தோற்றம் மட்டுமே தந்துவிடாது. தோற்றத்தில் ஒன்று போல் இருப்பவை பல. மேலும், நோய் புகுந்த பின்னரும் சில வாரங்கள் வரை செடி பச்சைப் பசேலென்று நிற்கும்.

வைரஸ் என்பது யாது?

1892 ஆம் ஆண்டில் ரஷ்ய விஞ்ஞானி இவனோவ்ஸ்கி, நோய் கண்ட புகையிலையின் சாற்றைப் பாக்டீரியாக்களும் புக முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்தார். வடித்த தெளிந்த சாற்றை நல்ல செடியில் தடவியபோது அதற்கும் நோய் வந்தது. 1898 இல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி பெய்ஜெரிங்க், இது பாக்டீரியா அன்று, வேறு வகையான ஒரு தொற்றுப் பொருள் என்று உரைத்தார். மனிதரைத் தாக்கும் வைரஸ்கள் அறியப்படுமுன், பயிரைத் தாக்கும் வைரஸே முதன்முதலில் அறியப்பட்டது என்பது பலருக்கும் வியப்பளிக்கும் செய்தியாகும்.

மரவள்ளியைத் தாக்கும் தேமல் நோய் வைரஸை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. அதற்கு உண்ணவும் தெரியாது; தானே பெருகவும் தெரியாது. அதனுள் இருப்பது ஒரு செய்தி மட்டுமே. டி.என்.ஏ. எனப்படும் மரபுப் பொருளால் எழுதப்பட்ட அச்செய்தி, ஒவ்வொன்றும் சுமார் 2,700 எழுத்துகள் கொண்ட இரண்டு வளையங்களாக உள்ளது. மரவள்ளிச் செடியின் சொந்த மரபுச் செய்தியோ 70 கோடி எழுத்துகளுக்கும் மேற்பட்டது. இத்துணைப் பெரிய ஏட்டுக்குள் இத்துணைச் சிறிய கள்ளச் சீட்டுப் புகுந்து, "என்னைப் போல் இன்னும் பல செய்" என்று கட்டளையிடுகிறது. செடியின் உயிரணுவும் அதற்குப் பணிந்து, தன் வேலையை விட்டுவிட்டு வைரஸைச் செய்யத் தொடங்குகிறது. இலை சுருங்குவதும், பசுமை குன்றுவதும், கிழங்கு சிறுப்பதும் இதனால்தான்.

பயிர் வைரஸ்கள் ஒரு செடியிலிருந்து மறு செடிக்கு நடந்து செல்வதில்லை. ஏதேனும் ஒரு வாகனம் அவற்றுக்கு வேண்டும். மரவள்ளித் தேமல் நோய்க்கும் மிளகாய் இலைச்சுருட்டை வைரஸ்களுக்கும் வெள்ளை ஈ வாகனமாகிறது. பப்பாளியின் வளையப்புள்ளி நோய்க்கு அசுவினி வாகனமாகிறது. நமது நாட்டில் 1991 ஆம் ஆண்டில் ஜொகூரில் கண்டறியப்பட்ட அந்தப் பப்பாளி நோயின் கிருமியை, அசுவினி சில வினாடிகள் இலையைக் குத்திச் சுவைப்பதற்குள்ளாகவே எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குக் கொண்டு செல்கிறது. மருந்து பட்டுப் பூச்சி சாகுமுன் அதன் வேலை முடிந்துவிடும்.

பயிரைத் தாக்கும் இந்த வைரஸ்கள் மனிதருக்கு நோய் உண்டாக்குவதில்லை. நோயுற்ற செடியின் காயையோ கிழங்கையோ உண்பதால் அக்கிருமி நம்மைப் பற்றிக்கொள்ளும் என்னும் அச்சம் வேண்டாம். மரவள்ளிக் கிழங்கை எப்போதும் போல் தோல் நீக்கி நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும் என்பது வேறு காரணம் பற்றியது. அது இயற்கையாகவே அக்கிழங்கில் உள்ள நச்சுப் பொருளை நீக்குவதற்காகும்.

ஒரு கட்டையோடு வரும் கேடு

பூச்சியைவிட வேகமான வாகனம் ஒன்று உண்டு. அது மனிதனே ஆவான்.

மரவள்ளியை நாம் விதையிட்டு வளர்ப்பதில்லை. தண்டைத் துண்டு போட்டு நடுகிறோம். ஒரு செடியின் தண்டிலிருந்து ஏறத்தாழப் பத்துக் கட்டைகள் கிடைக்கும். தாய்ச் செடியில் வைரஸ் இருந்தால், அதன் கட்டைகளிலும் அது இருக்கும் என்றே எண்ண வேண்டும். ஒன்று பத்தாகி, மறு நடவில் பத்து நூறாகி, அதன் பின் நூறு ஆயிரமாகிறது. ரப்பர்த் தொழிலில் ஈடுபட்டோருக்கு இது புதிய செய்தியன்று. ஒரு தாய் மரத்தின் மொட்டை எடுத்து ஒட்டுக் கட்டினால், ஆயிரக்கணக்கான கன்றுகள் தாயின் குணத்தையே பெறுவதை நாம் அறிவோம். நல்ல குணம் அவ்வாறு பரவுவது போலவே நோயும் பரவும்.

மரவள்ளித் தேமல் நோய் 1894 ஆம் ஆண்டிலேயே கிழக்கு ஆப்பிரிக்காவில் குறித்து வைக்கப்பட்டது. உகாண்டா நாட்டில் 1980களின் இறுதியில் அதன் கொடிய வகையொன்று தோன்றி, 1990களில் நாடு முழுவதும் பரவியது. மரவள்ளியையே நம்பியிருந்த வட்டாரங்களில் உழவர்கள் அப்பயிரையே கைவிட நேர்ந்தது. உணவுப் பற்றாக்குறையும் பசிச் சாவுகளும் ஏற்பட்டன. எதிர்ப்புச் சக்தி வாய்ந்த இனங்களை உழவர்களுக்கு வழங்கிய பின்னரே அந்நாடு மெல்ல மீண்டது.

ஆசியாவில் இந்நோய் நெடுங்காலம் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே காணப்பட்டது. ஜவ்வரிசித் தொழிலுக்குப் பெயர் பெற்ற சேலம் வட்டாரத்து உழவர்களுக்கு இது பழகிய பகையாகும். ஆனால் 2015 ஆம் ஆண்டில், கம்போடியாவின் ரத்தனகிரி மாநிலத்தில் ஒரு மரவள்ளித் தோட்டத்தில் இந்நோய் கண்டறியப்பட்டது. சோதித்துப் பார்த்தபோது, அது இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் என்று தெரியவந்தது. முதன்முதலில் அறியப்பட்ட இடத்தின் பெயரையே அக்கிருமி தாங்கி நிற்கிறது. பின்னர் 2017 இல் வியட்நாமிலும், 2018 இல் தாய்லாந்திலும் அது தென்பட்டது. உலகிலேயே அதிகமாக மரவள்ளிப் பொருள்களை ஏற்றுமதி செய்யும் நாடு தாய்லாந்து. அந்நாடு நம் வட எல்லையை ஒட்டி இருக்கிறது.

ஒரு சிறு வெள்ளை ஈ இத்தனை தூரத்தை இத்தனை விரைவில் கடந்திருக்க இயலாது. வேனிலும் மோட்டார் வண்டியிலும் ஏறிச் சென்ற தண்டுக் கட்டைகளே இந்நோயை ஊர் விட்டு ஊர் கொண்டு சென்றன என்பது நிபுணர்களின் கருத்து. கட்டையை விற்றவரும் வாங்கியவரும் தீயவர் அல்லர். அவர்கள் கண்ணுக்கு அது நல்ல கட்டையாகவே தெரிந்திருக்கும். நோயைக் கண்டறியும் சோதனை ஏன் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எழுத்தைத் தேடிப் பிடிக்கும் முறை

முற்காலத்தில் வைரஸைக் கண்டறிய ஒரே வழி, நோயுற்ற செடியின் சாற்றைப் புகையிலை போன்ற வேறொரு செடியில் தடவி அல்லது ஒட்டுக் கட்டி, அதில் நோய் தோன்றுகிறதா என்று வாரக்கணக்கில் காத்திருப்பதே. 1977 ஆம் ஆண்டு முதல் 'எலைசா' என்னும் முறை பயிர் வைரஸ்களுக்கும் கையாளப்பட்டது. இது வைரஸின் மேலுறையை அடையாளம் கண்டு நிறம் மாறும் சோதனை. வாரக்கணக்கு நாள் கணக்காகக் குறைந்தது. ஆயினும் கிருமிகள் மிகக் குறைவாக உள்ள தொடக்கக் காலத்தில் இம்முறைக்கும் அவை அகப்படாமல் போவதுண்டு.

1983 இல் அமெரிக்க விஞ்ஞானி கேரி முல்லிஸ் வேறொரு வழியைக் கண்டார். அதுவே பி.சி.ஆர். என்பது. அதற்காக அவருக்கு 1993 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்துச் செய்த அதே பி.சி.ஆர். சோதனைதான் இது. மனிதனின் சளிக்குப் பதிலாக இங்கே இலையின் சாறு சோதிக்கப்படுகிறது, அவ்வளவே வேறுபாடு.

அதன் செயல்முறை இவ்வாறு அமைகிறது. இலைத் துண்டை அரைத்து, அதிலுள்ள மரபுப் பொருளைப் பிரித்தெடுப்பர். வைரஸின் செய்தியில் மட்டுமே உள்ள, வேறெங்கும் இல்லாத ஒரு வாசகத்தை விஞ்ஞானிகள் முன்னரே தெரிந்து வைத்திருக்கின்றனர். அந்த வாசகத்தின் இரு முனைகளிலும் சரியாகப் பொருந்தும்படி இரண்டு சிறிய தொடக்கத் துண்டுகளைச் செய்து கலவையில் இடுவர். பின்னர் அதை 95 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் டி.என்.ஏ.யின் இரட்டைச் சரடு பிரியும். 50 முதல் 60 பாகைக்குக் குளிரச் செய்தால் தொடக்கத் துண்டுகள் தமக்குரிய இடத்தில் சென்று ஒட்டும். 72 பாகைக்கு ஏற்றினால், அங்கிருந்து ஒரு நொதி அந்த வாசகத்தைப் படியெடுக்கும். ஒன்று இரண்டாயிற்று. இதையே மீண்டும் செய்தால் இரண்டு நான்காகும்.

ஒரு காசை எடுத்து, அதை முப்பது முறை இரட்டித்துக்கொண்டே போனால் என்னவாகும்? பத்தாவது முறையில் பத்து வெள்ளியே சேர்ந்திருக்கும். இருபதாவது முறையில் பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டும். முப்பதாவது முறையில் ஒரு கோடி வெள்ளிக்கும் மேலாகிவிடும். பி.சி.ஆர். முறையும் இதே கணக்கில்தான் நடக்கிறது. இலையில் ஒரே ஒரு வைரஸின் செய்தி இருந்தாலும், முப்பது சுற்றுகளில் அது நூறு கோடிப் படிகளுக்கு மேல் பெருகக்கூடும். வைரஸ் இல்லாவிடில், தொடக்கத் துண்டுகள் ஒட்ட இடமில்லை, ஒன்றும் பெருகாது. இதனால்தான், இலை பச்சையாக இருக்கும்போதே உள்ளே ஒளிந்திருக்கும் கிருமியை இம்முறை காட்டிக் கொடுக்கிறது.

சில வைரஸ்களின் செய்தி டி.என்.ஏ.யாக அன்றி ஆர்.என்.ஏ.யாக எழுதப்பட்டிருக்கும். பப்பாளி வளையப்புள்ளி வைரஸ் அத்தகையது. அவற்றைச் சோதிக்கும்போது முதலில் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாக மாற்றி எழுதிக்கொண்டு பின்னர் பெருக்குவர்.

ஆய்வுக்கூடம் வயலுக்கு வந்தது

பி.சி.ஆர். முறைக்கு ஒரு குறை உண்டு. வெப்பத்தை ஏற்றி இறக்கும் விலையுயர்ந்த இயந்திரமும், தடையற்ற மின்சாரமும், பயிற்சி பெற்ற ஆய்வாளரும் வேண்டும். தோட்டத்தில் பறித்த இலை நகரத்து ஆய்வுக்கூடத்துக்குப் போய், முடிவு திரும்பி வருவதற்குள் பூச்சிகள் தம் வேலையைத் தொடர்ந்துகொண்டிருக்கும்.

2000 ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானிகள் 'லேம்ப்' என்னும் முறையை வெளியிட்டனர். இதில் வெப்பத்தை ஏற்றி இறக்க வேண்டியதில்லை. இதில் வேலை செய்யும் நொதி, டி.என்.ஏ.யின் சரடுகளைத் தானே பிரித்துக்கொண்டு படியெடுக்க வல்லது. ஆகவே 60 முதல் 65 பாகை வரையிலான ஒரே சீரான சூடு போதுமானது. மின்கலத்தால் இயங்கும் சிறு பெட்டியே இதற்குப் போதும். நான்கு முதல் ஆறு தொடக்கத் துண்டுகள் ஒரே வேளையில் பொருந்தினால்தான் பெருக்கம் நடைபெறும் என்பதால், தவறுக்கும் இடம் குறைவு. ஒரு மணி நேரத்துக்குள் முடிவு தெரியும். சில வகைகளில் சிறு குழாயிலுள்ள கலவை இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சளாக மாறும். மஞ்சளாயின் கிருமி உண்டு. சிவப்பாகவே நின்றால் கிருமி காணப்படவில்லை.

2006 இல் வெளியான 'ஆர்.பி.ஏ.' என்னும் முறைக்கு இன்னும் குறைந்த சூடு போதும். ஏறத்தாழ நம் உடலின் வெப்பமான 37 பாகை முதல் 42 பாகை வரையே அதற்குத் தேவை. இருபது நிமிடங்களில் பெருக்கம் முடிந்துவிடும். பின்னர் அக்கலவையில் ஒரு காகிதப் பட்டையை நனைத்தால் கோடுகள் தோன்றும். 2021 ஆம் ஆண்டில் மருந்துக் கடைகளில் வாங்கி வீட்டிலேயே செய்துகொண்ட கோவிட் சுயசோதனையை நினைவு கூர்வோருக்கு இந்தக் கோடுகள் புதியன அல்ல. ஒரு கோடு மட்டும் தெரிந்தால் சோதனை சரியாக நடந்தது, கிருமி காணப்படவில்லை. இரண்டு கோடுகள் தெரிந்தால் கிருமி உண்டு.

கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆய்வாளர் குழு ஒன்று இதைவிட ஒருபடி மேலே சென்றது. கைக்கு அடங்கும் ஒரு கருவியைக் கொண்டு, வைரஸின் செய்தியை எழுத்தெழுத்தாக மரவள்ளித் தோட்டத்திலேயே படித்து, உழவருக்கு உடனுக்குடன் முடிவைக் கூறினர். தன்சானியா, உகாண்டா, கென்யா ஆகிய நாடுகளில் நடந்த அம்முயற்சி 2019 இல் வெளியிடப்பட்டது. மரத்தடியில் அமைந்ததால் அதற்கு 'மர ஆய்வுக்கூடம்' என்னும் பொருள்படப் பெயரும் இட்டனர். அவ்வட்டாரத்தில் மரவள்ளியைத் தாக்கும் பழுப்புக் கீற்று நோய், இலையிலும் தண்டிலும் அதிகம் காட்டிக்கொள்ளாமலே மண்ணுக்குள் கிழங்கை அழுகச் செய்யக்கூடியது. ஓராண்டு காத்திருந்து தோண்டிய பின்னரே இழப்பை அறிந்த உழவர்களுக்கு, நடுமுன்னரே கட்டையைச் சோதித்துக் கூறும் முறை எத்துணைப் பெரிய உதவி என்பதை விளக்க வேண்டியதில்லை.

சோதனைக்கும் எல்லை உண்டு

எந்தக் கருவியையும் அளவுக்கு மீறிப் புகழ்வது நன்றன்று. இச்சோதனைகளுக்கும் எல்லைகள் உள்ளன.

முதலாவதாக, எந்தக் கிருமியின் வாசகத்தைத் தேடச் சொல்கிறோமோ அதை மட்டுமே லேம்ப் போன்ற முறைகள் தேடும். ஒரு வைரஸ் இல்லை என்று முடிவு வந்தால், வேறு வைரஸ் எதுவும் இல்லை என்று பொருளாகாது.

இரண்டாவதாக, செடி முழுவதும் வைரஸ் ஒரே அளவில் இருப்பதில்லை. முதிர்ந்த இலையைப் பறித்துச் சோதித்தால் அகப்படாத கிருமி, கொழுந்தில் அகப்படலாம்.

மூன்றாவதாக, மிக நுண்ணிய சோதனையாதலால், நோயுற்ற செடியைத் தொட்ட கையாலேயே நல்ல செடியின் இலையைப் பறித்தால், இல்லாத கிருமியை இருப்பதாகக் காட்டிவிடக் கூடும். கை சுத்தமும் கத்தி சுத்தமும் இன்றியமையாதவை.

நான்காவதாக, சோதனை நோயைக் காட்டுமே அன்றி, நோயைத் தீர்க்காது. முடிவை அறிந்தவர் அதன்படி நடந்தால்தான் பயன் உண்டு. இதுவே எல்லாவற்றிலும் கடினமானது.

பச்சைச் செடியைப் பிடுங்குவதா?

நாம் முன்னர்க் குறிப்பிட்ட மூத்த தொழிலாளரின் கொல்லைக்குத் திரும்புவோம். அதிகாரி பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தபோது, சுருண்ட செடிகள் நான்கில் இரண்டின் இலைகளுக்கடியில் சிலந்திப் பூச்சிகள் இருந்தன. அவற்றுக்கு ஏற்ற மருந்தை அவர் எழுதிக் கொடுத்தார். மற்ற இரண்டிலும் பூச்சி காணப்படவில்லை. அவற்றின் கொழுந்தையும், அவற்றை அடுத்து நின்ற மூன்று நல்ல செடிகளின் கொழுந்தையும் தனித்தனியே எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்.

முடிவு வந்தது. சுருண்டிருந்த இரண்டிலும் வைரஸ் இருந்தது. நன்றாக நின்ற மூன்றனுள் ஒன்றிலும் இருந்தது. அந்த ஒன்றோ அவர் கொல்லையிலேயே மிகச் செழிப்பாக, கிளை கிளையாகப் பூத்து நின்ற செடி.

"நோயில்லாத செடியைப் பிடுங்கச் சொல்கிறீர்களே!" என்று அவருடைய மனைவியார் வருந்தினார். அந்த வருத்தத்தை நாம் குறைவாக மதிக்கவில்லை. தண்ணீர் ஊற்றி வளர்த்த கைக்கு அது எளிதன்று. ஆனால் கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. அச்செடி இன்னும் சில வாரங்களில் எப்படியும் சுருண்டுவிடும். அதுவரை அது தரும் காய்கள் சில. அதற்குள் அதன் சாற்றைக் குடித்த பூச்சிகள் மற்றச் செடிகளிலும் அமரும். ஒன்றைக் காப்பதற்காக எஞ்சியவற்றைப் பணயம் வைப்பதா, அல்லது ஒன்றை இழந்து எஞ்சியவற்றைக் காப்பதா என்பதே கேள்வி. அன்று மாலையே அவர் அம்மூன்று செடிகளையும் வேரோடு பிடுங்கி, பைக்குள் இட்டுக் கட்டி அப்புறப்படுத்தினார். அண்மையில் நாம் அவரைக் கண்டபோது, எஞ்சிய ஒன்பதில் எட்டுச் செடிகள் நல்ல முறையில் காய்த்துக்கொண்டிருந்தன. ஒன்று பின்னர்ச் சுருண்டது. அதை அவர் யாரையும் கேளாமல் தாமே பிடுங்கிவிட்டார்.

ரப்பர் மரத்துக்கு என்ன தொடர்பு?

நமது ரப்பர் மரங்களுக்கு வரும் முக்கிய நோய்கள் பெரும்பாலும் பூஞ்சணத்தால் வருபவை. வெள்ளை வேர் நோயும், 2017 முதல் நமது தோட்டங்களில் காணப்பட்டு வரும் பெஸ்டலோடியோப்சிஸ் இலையுதிர்வு நோயும் பூஞ்சண வகையைச் சேர்ந்தவையே. ஆயினும் மேலே விவரித்த முறைகள் வைரஸுக்கு மட்டும் உரியன அல்ல. பூஞ்சணத்துக்கும் தனக்கென ஒரு மரபுச் செய்தி உண்டு. அதிலுள்ள தனி வாசகத்தைத் தேடிப் பிடித்துப் பெருக்கினால் அதையும் கண்டறியலாம்.

இதன் அருமையை உணரப் பிரேசில் நாட்டு வரலாறு ஒன்றே போதும். 1928 இல் ஹென்றி ஃபோர்டு அமேசான் காட்டில் பெரிய ரப்பர்த் தோட்டத்தைத் தொடங்கினார். தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் என்னும் பூஞ்சண நோய் அம்மரங்களை வீழ்த்தியது. 1945 இல் அத்தோட்டங்கள் பிரேசில் அரசாங்கத்திடமே திருப்பிக் கொடுக்கப்பட்டன. ரப்பரின் தாயகத்திலேயே ரப்பர்த் தோட்டம் நிலைக்க இயலாமல் போயிற்று. அந்நோய் நம் வட்டாரத்துக்குள் புகாதவாறு காப்பதில் ஒவ்வொரு பால்மரத் தொழிலாளியின் பிழைப்பும் அடங்கியிருக்கிறது. 1976 ஆம் ஆண்டின் பயிர்த் தொற்றுத் தடுப்புச் சட்டம் வெளிநாட்டிலிருந்து செடி, கட்டை, விதை முதலியவற்றை அனுமதியின்றிக் கொண்டு வருவதைக் கட்டுப்படுத்துவதன் நோக்கமும் இதுவே.

நாம் செய்ய வேண்டியவை

சோதனைக் கருவி ஒவ்வொரு வீட்டிலும் இல்லை. ஆனால் அதன் பயனைப் பெறுவதற்கு ஒவ்வொரு வீட்டாரும் செய்யக்கூடியவை உள்ளன.

நடுவதற்குரிய கட்டையையும் நாற்றையும் நன்கு அறிந்த, நோயற்ற செடியிலிருந்தே எடுக்க வேண்டும். எல்லைக்கு அப்பாலிருந்து உறவினரோ நண்பரோ அன்புடன் கொண்டு வரும் கட்டையாயினும், அதை அனுமதியின்றி நடக் கூடாது.

மரவள்ளி துளிர்க்கும்போது கவனித்துப் பார்க்க வேண்டும். அடியிலிருந்து முதல் இலைகளே தேமலும் சுருக்கமுமாக வந்தால், நோய் கட்டையோடு வந்தது என்று அறியலாம். அடி இலைகள் நன்றாக இருந்து மேல் இலைகள் மட்டும் கெட்டால், வெள்ளை ஈ அதைக் கொண்டு வந்தது என்று கொள்ளலாம். இரண்டாயினும் அதிகாரிக்குத் தெரிவிப்பது கடமை.

ஐயப்பாடான செடியைப் பிடுங்கி ஊர் முழுவதும் காட்டிக்கொண்டு செல்லக் கூடாது. முதலில் கைப்பேசியில் படம் எடுத்து விவசாய இலாகா அதிகாரிக்குக் காட்டலாம். அவர் இலை கேட்டால், கொழுந்து இலையைச் சுத்தமான கையால் பறித்து, உலர்ந்த காகிதத்துக்கு இடையில் வைத்து, தேதியும் இடமும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு செடியின் இலைக்கும் தனித்தனிக் காகிதம் தேவை.

காரணம் தெரியுமுன் கையில் கிடைத்த மருந்தையெல்லாம் அடிப்பது பணத்துக்கும் கேடு. பிள்ளைகள் விளையாடும் கொல்லைக்கும் கேடு.

முடிவு வந்த பின், நோயுள்ளது என்று கூறப்பட்ட செடியைத் தாமதமின்றி அகற்ற வேண்டும். பக்கத்து வீட்டாருக்கும் தெரிவிக்க வேண்டும். என் கொல்லையில் நோய் என்று சொல்ல வெட்கப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை. மறைத்த நோயே பரவும்.

இலை வாடிய பின் வருந்துவது பழைய வழக்கம். வாடுமுன்னரே கண்டறியும் வழியை விஞ்ஞானம் இன்று நமக்குத் தந்திருக்கிறது. அந்த வழி ஆய்வுக்கூடத்தில் தொடங்குவதில்லை. தன் கொல்லையில் ஒரு கொழுந்து வழக்கத்துக்கு மாறாக இருப்பதைக் கவனித்து, உரியவரிடம் கேட்கும் தொழிலாளியின் கண்ணில்தான் தொடங்குகிறது. நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களின் பட்டையைக் கூர்ந்து நோக்கிப் பழகிய கண்கள் நம் தோட்ட மக்களுடையவை. அக்கண்கள் விழிப்போடு இருக்கும் வரையில் நம் கொல்லைகளும் தோட்டங்களும் செழித்திருக்கும் என்பது நமது நம்பிக்கை.